‘கெமிக்கல் அலர்ஜி’ன்னு சொல்லாதீங்க, பேரைச் சொல்லுங்க: சல்ஃபைட்

1.
மருந்துச் சீட்டில் நான் அவசரமாகக் கிறுக்கிய ஒரே ஒரு வார்த்தை, ஒரு அம்மாவின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது. அதைப் பற்றித்தான் இந்த நீண்ட இழை. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். இல்லாதவர்களும் படிக்கலாம். கோபப்பட வேண்டிய விஷயம் இதில் நிறைய இருக்கிறது. என் மேலும் சேர்த்துத்தான்.

2.
அந்த அம்மாவுக்கு வயது 54. டெய்லர். 15 வருடமாக ஆஸ்துமா. தினமும் எடுக்க வேண்டிய இன்ஹேலரை வீசிங் வரும்போது மட்டும் எடுப்பவர். (இது நம் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும் பழக்கம். அதற்குத் தனியாக ஒருநாள் சண்டை போடுகிறேன்.)

இரண்டே மாதத்தில் மூன்று முறை மூச்சு முட்டி வந்தார்.

முதல் முறை, கல்யாண மண்டபம். வாசலில் கொடுத்த ஆரஞ்சு கலர் ஜூஸ். பந்திக்குக்கூட உட்காரவில்லை.
இரண்டாவது, மகளின் வளைகாப்பு. திராட்சை ஸ்குவாஷ்.
மூன்றாவது, சொந்த வீட்டில். காலையில் வெறும் வயிற்றில், ஊறவைத்த மஞ்சள் திராட்சையும் அந்தத் தண்ணீரும். ‘ரத்தம் ஊறும்’ என்று யாரோ சொன்னார்களாம்.

3.
“மண்டபத்து ஏசி ஒத்துக்கலீங்க டாக்டர்” என்றார் கணவர். “எல்லாரு கண்ணும் எம் மருமக மேலதாங்க” என்றார் மாமியார். வேறொரு இடத்தில் ‘ஃபுட் பாய்சன்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நான் கேட்டது ஒரே கேள்வி. “குடிச்சு எவ்வளவு நேரத்துல வந்துச்சும்மா?”

“நேரமே இல்லீங்க தம்பி. டம்ளரைக் கீழ வெக்கல, அதுக்குள்ள.”

அங்கேதான் பொறி தட்டியது. ஃபுட் பாய்சனுக்கு மணிக்கணக்கு வேண்டும். நிமிடக்கணக்கில் வருவது வேறு.

மீதியிருந்த ஸ்குவாஷ் பாட்டிலை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பொடி எழுத்தில் இருந்தது: ப்ரிசர்வேட்டிவ், ஐஎன்எஸ் 224. அதாவது பொட்டாசியம் மெட்டா பைசல்ஃபைட். மஞ்சள் திராட்சை, சில்லறையில் வாங்கியது. அதில் எழுத்தே இல்லை.

பிறகு நுரையீரல் மருத்துவரிடம் அனுப்பி, மருத்துவமனையில் வைத்து, கண்காணிப்போடு சோதித்து உறுதி செய்தோம். சல்ஃபைட் ஒவ்வாமை.

4.
இதுவரை கதை எனக்குச் சாதகமாக இருக்கிறது, இல்லையா? துப்பறிந்து கண்டுபிடித்த டாக்டர்!

இனிமேல் கேளுங்கள். அன்றைக்கு வரிசையில் 40 பேர். அவர் சீட்டின் மேல் மூலையில் ‘சல்ஃப் அலர்ஜி’ என்று ஆங்கிலத்தில் கிறுக்கி, அடியில் இரண்டு கோடு இழுத்து அனுப்பிவிட்டேன். முழு வார்த்தையைக்கூட எழுதவில்லை.

வீட்டில் அதை ‘சல்பர் அலர்ஜி’ என்று புரிந்துகொண்டார்கள். மகள் வாட்ஸ்அப்பில் தேடினார். பூண்டு கூடாது, வெங்காயம் கூடாது, முட்டை கூடாது என்று வந்தது. அந்த அம்மா ஐந்து மாதம் வெங்காயம் இல்லாத ரசம் குடித்திருக்கிறார்.

5.
மழைக்காலத்தில் ஒரு நாள், வெளியூரில் மகள் வீட்டில் இருந்தபோது, சளி பிடித்து நடு இரவில் கடுமையான வீசிங். உணவுக்குச் சம்பந்தமே இல்லை. பக்கத்து மருத்துவமனையில் நெபுலைசர் வைத்தார்கள். கேட்கவில்லை. இப்படிக் கேட்காத ஆஸ்துமாவுக்கு நரம்பில் ஏற்றும் மருந்து ஒன்று உண்டு. மெக்னீசியம் சல்ஃபேட்.

பணியிலிருந்த டாக்டர் அதைக் கையில் எடுத்தபோது மகள் என் சீட்டை நீட்டினார். “சல்பர் கலந்த எதையும் போடாதீங்க டாக்டர், அம்மாவுக்கு உயிருக்கே ஆபத்துன்னு எழுதியிருக்கு.”

அந்த டாக்டர் தயங்கினார். அவர்மேல் தப்பே இல்லை. எதிரே மூச்சு வாங்கும் நோயாளி, கையில் இன்னொரு டாக்டரின் எச்சரிக்கை. என் நம்பரைத் தேடிப் பிடித்து இரவு 2 மணிக்குக் கூப்பிட்டார். “சார், சல்ஃபேட் கொடுக்கலாமா?”

“கொடுங்க, உடனே கொடுங்க” என்றேன். அதற்குள் 40 நிமிடம் போயிருந்தது.

பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் தையல் மெஷின் ஓடுகிறது. ஆனால் அந்த 40 நிமிடத்துக்கு நான்தான் பொறுப்பு.

6.
இதில் இன்னொரு வேடிக்கை. அதற்கு முன்பே அவருக்கு வைத்த நெபுலைசர் மருந்து சால்புட்டமால் சல்ஃபேட். 15 வருடமாக அவர் உயிரைக் காப்பாற்றி வருவதே ஒரு சல்ஃபேட்தான்!

ஆகவே முதலில் நான்கு பேர்களைப் பிரித்துக்கொள்வோம். இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சல்ஃபர்: கந்தகம். ஒரு தனிமம். பூண்டு, வெங்காயம், முட்டை, பருப்பு எல்லாவற்றிலும் அதன் சேர்மங்கள் உண்டு. நம் உடம்பின் புரதங்களிலும் உண்டு. இதற்கு ‘அலர்ஜி’யாகி யாரும் உயிரோடு இருக்க முடியாது.

சல்ஃபேட்: பல மருந்துகளின் உப்பு வடிவம். மெக்னீசியம் சல்ஃபேட், சால்புட்டமால் சல்ஃபேட், ரத்தசோகைக்குக் கொடுக்கும் ஃபெரஸ் சல்ஃபேட். சல்ஃபைட் ஒவ்வாமை உள்ளவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

சல்ஃபா: ஒரு மருந்துக் குடும்பம். கோட்ரைமாக்சசோல் மாத்திரை இதில் ஒன்று. இதற்கு அலர்ஜி உள்ளவர்கள் உண்டு, சில நேரம் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆனால் அது வேறு நோய், வேறு காரணம். சல்ஃபா அலர்ஜி உள்ளவருக்கு சல்ஃபைட் ஆகாது என்று பொருளில்லை. மறுதலையாகவும் இல்லை.

சல்ஃபைட்: உணவு கெடாமலும் கறுக்காமலும் இருக்கச் சேர்க்கும் பதப்படுத்தி. நம் வில்லன் இவர் மட்டும்தான்.

7.
இந்த வில்லன் எப்படி வேலை செய்கிறார்?

ஆப்பிளை வெட்டி வைத்தால் கறுக்கிறது அல்லவா? சல்ஃபைட் போட்டால் கறுக்காது. பூஞ்சை, பாக்டீரியா வளராது. விலை மலிவு. அதனால் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

அதே சல்ஃபைட், ஜூஸில் உள்ள புளிப்போடும் வயிற்றிலுள்ள அமிலத்தோடும் சேரும்போது சல்ஃபர் டை ஆக்சைடு என்கிற வாயுவாக வெளியேறுகிறது. தீக்குச்சி உரசும்போது மூக்கைக் குத்துமே, அதே வாயு. விழுங்கும்போதும் ஏப்பத்தோடும் அது மூச்சுக்குழாய்க்குள் போகிறது. சாதாரண ஆளுக்கு ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே புண்பட்டுக் கிடக்கும் ஆஸ்துமா மூச்சுக்குழாய் சட்டென்று சுருங்கிக்கொள்ளும். திட உணவைவிட ஜூஸ், ஸ்குவாஷ், ஒயின் போன்ற திரவங்கள் வேகமாக வேலையைக் காட்டுவது இதனால்தான்.

ஆக, பெரும்பாலானவர்களுக்கு இது வேர்க்கடலை அலர்ஜி மாதிரியான உண்மையான ‘அலர்ஜி’ அல்ல. ஒரு கூருணர்வு. மிகச் சிலருக்கு மட்டும் உண்மையான ஒவ்வாமையாகவும் வரலாம். இந்த வேறுபாடு எதற்கு? நம்பி எடுக்கக்கூடிய ரத்தப் பரிசோதனை இதற்கு இல்லை என்பதால். ‘அலர்ஜி பேனல்’ என்று ஆயிரக்கணக்கில் பணம் கட்டி டெஸ்ட் எடுத்து, ‘ஒண்ணும் இல்ல’ என்று வந்தாலும் சல்ஃபைட் பிரச்சினை இருக்கலாம்.

8.
இப்போது வாட்ஸ்அப் இயற்கை ஆர்வலர்களிடம் ஒரு வார்த்தை.

சல்ஃபைட் நஞ்சு அல்ல. நம் உடம்பே தினமும் அதைத் தயாரிக்கிறது. புரதத்திலுள்ள கந்தகத்தை உடைக்கும்போது சல்ஃபைட் உருவாகும். கல்லீரலில் உள்ள சல்ஃபைட் ஆக்சிடேஸ் என்கிற நொதி அதை சல்ஃபேட்டாக மாற்றி சிறுநீரில் அனுப்பிவிடும். நாம் உண்பதைவிட உடம்புக்குள் உருவாவதுதான் அதிகம். ஆஸ்துமா இல்லாத ஒருவருக்கு, அனுமதித்த அளவில் இருக்கும் சல்ஃபைட் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.

ஆஸ்துமா உள்ளவர்களிலும் எல்லாருக்கும் வராது. 3 முதல் 10 சதவீதம் பேருக்கு என்பது பொதுவான மதிப்பீடு. ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படும் அளவுக்குக் கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

எல்லாரையும் பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. பயப்பட வேண்டிய சிலருக்குத் தெரியாமலே போகிறது என்பதுதான் என் கோபம். ‘எல்லா கெமிக்கலும் விஷம்’ என்று நீங்கள் கத்தும் சத்தத்தில், உண்மையில் மூச்சை நிறுத்தக்கூடிய ஒன்றின் பெயர் யார் காதிலும் விழுவதில்லை. அஜினமோட்டோ என்றால் ஊரே அலறுகிறது. அதற்கும் ஆஸ்துமாவுக்கும் உறுதியான தொடர்பு நிரூபிக்கப்படவே இல்லை. 223, 224 என்று சொல்லிப் பாருங்கள். பஸ் நம்பரா என்று கேட்பார்கள்.

9.
எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, சாப்பிட்ட அல்லது குடித்த சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருமல், வீசிங், நெஞ்சு இறுக்கம் வருகிறதா?
இரண்டு, வீட்டுச் சமையலில் வராமல், விசேஷம், பேக்கரி, ஹோட்டல், பாட்டில் பானம் இவற்றில் மட்டும் வருகிறதா?
மூன்று, ஜூஸ், ஸ்குவாஷ், ஒயின், உலர்பழம் இவற்றில் ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப மாட்டுகிறதா?
நான்கு, அதே பண்டம் ஒரு கடையில் ஒத்துக்கொண்டு இன்னொரு கடையில் ஒத்துக்கொள்ளாமல் போகிறதா? (போட்ட அளவு வேறு, அவ்வளவுதான்.)
ஐந்து, ஆஸ்துமா சமீபமாகக் கட்டுக்குள் இல்லையா?

மூன்றுக்கு மேல் ‘ஆமாம்’ என்றால் டாக்டரிடம் ‘சல்ஃபைட்’ என்ற வார்த்தையை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். சிலருக்கு வீசிங்கோடு, அல்லது வீசிங் இல்லாமலே, தோலில் தடிப்பு, முகம் சிவப்பது, அடுக்குத் தும்மல், வயிற்று வலி இவையும் வரலாம்.

வீட்டிலேயே ‘ஒரு வாய் குடிச்சுப் பார்ப்போம்’ என்று மட்டும் வேண்டாம். சோதனை என்றால் அது ஆக்சிஜனும் மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தில், டாக்டர் முன்னிலையில்தான்.

10.
எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்?

ஸ்குவாஷ், க்ரஷ், சிரப், பாட்டில் எலுமிச்சைச் சாறு.
மஞ்சள் நிற உலர்திராட்சை, பளிச் ஆரஞ்சு நிற ஆப்ரிகாட். (கறுப்பு திராட்சையும் கரும்பழுப்பு ஆப்ரிகாட்டும் பெரும்பாலும் கந்தகப் புகை போடாதவை.)
கேக், பன், பீடா மேல் தூவும் டூட்டி ஃப்ரூட்டி, செர்ரி.
பல பிஸ்கட்டுகள். இங்கே இவருக்கு ‘ப்ரிசர்வேட்டிவ்’ என்று பேர் கிடையாது. ‘டவ் கண்டிஷனர் 223’ என்று மாறுவேடத்தில் வருவார்.
தலை கறுக்காமல் இருக்க முக்கிப் பதப்படுத்திய இறால்.
மட்டை சீவி வெள்ளை வெளேரென்று ப்ளாஸ்டிக் சுற்றி விற்கும் இளநீர். கறுக்காமல் இருக்க சல்ஃபைட் கரைசலில் முக்கி எடுக்கும் முறை உண்டு. அரிவாளால் சீவி கண் முன்னே கொடுக்கும் இளநீருக்கு இந்தப் பிரச்சினை இல்லை.
ஒயின். ‘சேர்க்கவில்லை’ என்று எழுதியிருந்தாலும் ஈஸ்ட் தானாகவே கொஞ்சம் உருவாக்கும்.

வீட்டில் செய்த ஸ்குவாஷ் என்றாலும் கேளுங்கள். அந்த வகுப்புகளில் ‘கேஎம்எஸ்’ என்று ஒரு வெள்ளைத் தூள் போடச் சொல்லிக் கொடுப்பார்கள். அது வேறொன்றுமில்லை, இதே 224தான்.

11.
‘இயற்கையானது’ என்று நம்பி வாங்கும் இரண்டு பொருட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

வெல்லம். நல்ல வெல்லத்தின் நிறம் கரும்பழுப்பு. நமக்கோ பொங்கல் பானையில் பொன்னிறம் வேண்டும். அந்த ஆசைக்காக ஆலைகளில் ‘ஹைட்ரோஸ்’ போட்டு வெளுக்கிறார்கள். அதுவும் சல்ஃபர் டை ஆக்சைடை மிச்சம் வைக்கும் வகையறாதான்.

கொப்பரை. பூஞ்சை வராமல், வெள்ளையாகத் தெரிய, கந்தகப் புகை மூட்டும் பழக்கம் இருக்கிறது. எங்கள் கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் களத்துப் பக்கம் நடந்து போனாலே தெரியும்.

வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு வெல்லத்துக்கு மாறி, அதில் பளபள மஞ்சளைத் தேடிப்பிடித்து வாங்கும் புத்திசாலிகள் நாம். வெளுப்பாக இருந்தால்தான் வாங்குவோம் என்றால், வெளுத்துத்தான் கொடுப்பான். இதில் வியாபாரியை மட்டும் திட்டிப் பயனில்லை.

12.
அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா?

1980களில் அங்கே ஹோட்டல்களில் சாலட் பார் பிரபலம். கீரையும் பழமும் நாள் முழுக்க ‘ஃப்ரெஷ்’ஷாகத் தெரிய சல்ஃபைட் கரைசல் தெளித்தார்கள். ஆஸ்துமா நோயாளிகள் சாலட் சாப்பிட்டு மூச்சுத் திணறி விழுந்தார்கள். சிலர் இறந்தார்கள். 1986-ல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம், பச்சையாகச் சாப்பிடும் காய், பழங்களில் சல்ஃபைட் சேர்ப்பதைத் தடை செய்தது. கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் லேபிளில் சொல்லியே ஆக வேண்டும் என்றது.

கவனியுங்கள். முழுசாகத் தடை செய்யவில்லை. லேபிள் இல்லாத இடத்தில் தடுத்தார்கள், லேபிள் உள்ள இடத்தில் பேரைச் சொல்ல வைத்தார்கள். அவ்வளவுதான் கேட்கிறேன் நானும்.

13.
நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. எஃப்எஸ்எஸ்ஏஐ 2020-ல் வெளியிட்ட லேபிள் விதிமுறையில் பால், முட்டை, மீன், வேர்க்கடலை வரிசையில் சல்ஃபைட்டும் இருக்கிறது. அதே 10 மில்லிகிராம் கணக்குதான். பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும்.

பிறகென்ன கோபம்?

முதல் கோபம், மொழி. லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். தமிழ் கட்டாயமில்லை. அந்த டெய்லர் அம்மாவுக்கு எந்த எழுத்து தெரியுமோ, அந்த எழுத்தில் எச்சரிக்கை இருக்காது. விளம்பரம் மட்டும் பாட்டிலின் முன்பக்கம் தமிழில் கொட்டை எழுத்தில் இருக்கும். விற்கத் தமிழ் தெரிகிறது, எச்சரிக்கத் தெரியவில்லை!

இரண்டாவது, எண். சேர்மானப் பட்டியலில் பெயரோ எண்ணோ ஏதாவது ஒன்று இருந்தால் போதும். ‘பெர்மிட்டட் க்ளாஸ் 2 ப்ரிசர்வேட்டிவ்’ என்று ஒரு வரி வரும். அந்த வகுப்பில் பென்சோயேட் (211) உண்டு, சார்பேட் (202) உண்டு, சல்ஃபைட்டும் உண்டு. முதல் இரண்டும் இவரைத் தொடாது, மூன்றாவது ஐசியூவில் படுக்க வைக்கும். ஒரே பேரில் மூன்றையும் அடைத்தால் மக்கள் எதைப் பார்த்து ஒதுங்குவார்கள்?

மூன்றாவது, சில்லறை. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் திராட்சைக்கு லேபிள் ஏது? மண்டப வாசலில் டம்ளரில் கொடுக்கும் ஜூஸுக்கு? பேக்கரி கண்ணாடிக்குள் இருக்கும் கேக்குக்கு? 10 கிளைகளும் அதற்கு மேலும் உள்ள ஹோட்டல் நிறுவனங்கள் ஒவ்வாமைத் தகவலைத் தர வேண்டும் என்று விதி வந்தது. நம் ஆட்கள் அங்கேயா சாப்பிடுகிறார்கள்?

14.
நான்காவது கோபம், எங்கள் மேல். டாக்டர்கள் மேல்.

ஆஸ்துமா நோயாளியிடம் தூசி கேட்கிறோம், நாய் பூனை கேட்கிறோம், சிகரெட் கேட்கிறோம். “எதைக் குடித்த பிறகு வருகிறது?” என்று கேட்பதில்லை. கேட்டுக் கண்டுபிடித்தாலும், என்னைப் போல அரை வார்த்தை கிறுக்கி அனுப்புகிறோம்.

கம்பெனி எண்ணுக்குப் பின்னால் ஒளிகிறது. வாட்ஸ்அப் ‘கெமிக்கல்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிகிறது. நான் என் கையெழுத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். மூவரும் செய்தது ஒரே குற்றம். பேரை முழுசாகச் சொல்லவில்லை.

15.
சரி, இருப்பது உறுதியானால் என்ன செய்வது?

முதல் வேலை, ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைப்பது. தினசரி தடுப்பு இன்ஹேலரை, நன்றாக இருக்கும் நாளிலும் எடுங்கள். கட்டுக்குள் இருக்கும் நுரையீரல், தவறி உள்ளே போன கொஞ்ச சல்ஃபைட்டைச் சமாளிக்கும். இன்ஹேலரை விட்டுவிட்டு லேபிள் மட்டும் படிப்பவரை என்னால் காப்பாற்ற முடியாது.

இரண்டாவது, 220 முதல் 228 வரை. இந்த எண்களை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். இவை இருந்தால் திருப்பி வையுங்கள். எண்ணே இல்லாமல் ‘க்ளாஸ் 2’ என்று மட்டும் இருந்தாலும் திருப்பி வையுங்கள்.

மூன்றாவது, விசேஷ வீட்டில் பாட்டில் ஜூஸ் வேண்டாம். மோர் கேளுங்கள், கண் முன்னே பிழிந்த எலுமிச்சை கேளுங்கள். “ஒரு வாய் குடிச்சா என்ன ஆயிரும்?” என்று உபசரிக்கும் சொந்தக்காரர்களே, ஆகும். டம்ளரை அவர் கையில் திணிக்காதீர்கள்.

நான்காவது, கழுவினால் போகுமா, கொதிக்க வைத்தால் போகுமா? கொஞ்சம் குறையும், முழுசாகப் போகாது. உணவோடு பிணைந்த பகுதி தங்கிவிடும். கூருணர்வு உள்ளவர் அதை நம்பக் கூடாது. திராட்சை ஊறிய தண்ணீரில் சல்ஃபைட்டும் இறங்கியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஐந்தாவது, பூண்டு, வெங்காயம், முட்டையை நிறுத்தாதீர்கள். அந்த அம்மா ஐந்து மாதம் பட்டது போதும்.

16.
தாக்குதல் வந்துவிட்டால்:

நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள். சால்புட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் வழியாக, ஒவ்வொரு பஃப்பாக, ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு. மொத்தம் 4 பஃப். 4 நிமிடம் காத்திருங்கள். குறையவில்லையா, இன்னொரு 4 பஃப். அப்போதும் குறையாவிட்டால் 108. வண்டி வரும் வரை இதையே தொடருங்கள். உதடு நீலம் பூத்தாலோ, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாவிட்டாலோ காத்திருக்கவே வேண்டாம், முதலிலேயே 108.

வீசிங்கோடு உடம்பெல்லாம் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், தலைசுற்றி மயக்கம் என்று சேர்ந்து வந்தால் அது அனாஃபிலாக்சிஸ். இதற்கு மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். அட்ரினலின் ஊசி மருந்து கெடாமல் இருக்க அதிலேயே பெரும்பாலும் சிறிது சல்ஃபைட் சேர்த்திருப்பார்கள். ‘ஐயோ, சல்ஃபைட் அலர்ஜி ஆச்சே’ என்று யாரும் ஊசியைத் தடுக்கக் கூடாது. அந்தத் துளி சல்ஃபைட்டைவிட அட்ரினலின் செய்யும் நன்மை பல மடங்கு பெரியது. தயங்காமல் போட வேண்டும். இது மருத்துவ உலகில் தெளிவாகச் சொல்லப்பட்டது.

அவசரமில்லாத மருந்துகள் வேறு கதை. பல் டாக்டர் போடும் சில மரப்பு ஊசிகளிலும், சில கண் சொட்டு மருந்துகளிலும் சல்ஃபைட் உண்டு. அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சல்ஃபைட் இல்லாத மாற்று மருந்து கேட்டு வாங்கலாம்.

17.
கடைசியாக, ஒரு அட்டை. அந்த இரவுக்குப் பிறகு என் க்ளினிக்கில் இதை அச்சடித்து வைத்திருக்கிறேன். தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம், முழு வார்த்தையாக. நீங்களே எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம், உங்கள் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு:

“எனக்கு ஆஸ்துமா உண்டு. சல்ஃபைட் (உணவுப் பதப்படுத்தி, எண் 220 முதல் 228) ஒத்துக்கொள்ளாது.
சல்ஃபேட் மருந்துகள் கொடுக்கலாம். மெக்னீசியம் சல்ஃபேட் கொடுக்கலாம்.
இது சல்ஃபா மருந்து அலர்ஜி அல்ல.
உயிர் காக்க அட்ரினலின் தேவைப்பட்டால் தாமதிக்க வேண்டாம்.”

நான்கு வரி. அன்றைக்கே இதை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்து அவருடைய 40 நிமிடத்தைச் செலவழித்தேன்.

(சல்ஃபா மருந்துக்கும் தனியாக அலர்ஜி இருந்தால் மூன்றாவது வரியை மாற்றி, அதையும் சேர்த்து எழுதுங்கள்.)

18.
உங்களிடம் நான் கேட்பது மூன்று.

வீட்டில் ஆஸ்துமா இருந்தால், இன்றைக்கே சமையலறை அலமாரியைத் திறந்து பாட்டில்களின் முதுகைப் படியுங்கள்.

சல்ஃபைட் எண் இருந்தும் ‘சல்ஃபைட் உள்ளது’ என்ற அறிவிப்பு லேபிளில் இல்லையென்றால் போட்டோ எடுத்து, எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் புகார் போடுங்கள். ‘நம்ம ஒருத்தர் சொல்லி என்ன ஆகப் போகுது’ என்று விட்டுவிடாதீர்கள்.

விசேஷம் வைப்பவர்கள், ஜூஸ் மேசையில் ஒரு காகிதத்தில் ‘இதில் சல்ஃபைட் உள்ளது, ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்கவும்’ என்று எழுதி ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு பானை மோர் வையுங்கள். ஐந்து வேன் ஆட்களை அழைக்கத் தெரிந்த நமக்கு ஒரு காகிதம் ஒட்டத் தெரியாதா?

அரசிடம் கேட்பது ஒன்றே ஒன்று. எச்சரிக்கை, வாங்குபவர் படிக்கும் மொழியில், எண்ணாக இல்லாமல் பெயராக, முன்பக்கத்தில். சில்லறையில் விற்றால் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில்.

19.
போன வாரம் அந்த அம்மா வந்திருந்தார். பேத்திக்கு முதல் பிறந்தநாள் அழைப்பிதழ். “கண்டிப்பா வரோணுங் தம்பி. ஜூஸ் எல்லாம் கிடையாதுங்க, மோருதான்” என்றார். பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். லேமினேட் செய்திருந்தார். தையல் அளவெடுக்கும் கண் இல்லையா, ஒரு தப்பையும் கண்டுபிடித்து வைத்திருந்தார். “நீங்க தமிழ்ல எழுதுனது புரியுதுங்க. ஆனா இங்கிலீசு பக்கத்துல இன்னும் கோழி கிறுக்குன மாதிரிதான் இருக்குது.”

அச்சடித்த அட்டையில் கீழே என் கையெழுத்து மட்டும்தான் பேனாவில் போட்டது. அதையும் அன்றைக்கே ரப்பர் ஸ்டாம்ப் ஆக்கிவிட்டேன்.

ஆஸ்துமா உள்ள ஒருவருக்காவது இதை அனுப்புங்கள். அனுப்பும்போது ‘கெமிக்கல் பத்தி டாக்டர் எழுதியிருக்கார்’ என்று சொல்லாதீர்கள். பேரைச் சொல்லி அனுப்புங்கள்.